பட்டா இருக்கு, அப்புறம் என்ன?

மனை பார்க்கப் போனால் தரகர் வாயிலிருந்து மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும்: "பட்டா இருக்கு சார். வில்லங்கம் கிளியர். பத்திரம் பக்கா." மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். இருந்தும், விற்பவருக்கு அந்த இடத்தை விற்கும் உரிமை இல்லாமல் போகலாம். ஒவ்வொரு காகிதத்தையும் ஏதோ ஓர் அலுவலகம் தன் வேலைக்காக எழுதி வைத்திருக்கிறது. வருவாய்த் துறைக்குத் தீர்வை வேண்டும், பதிவுத் துறைக்குக் கட்டணம் வேண்டும், நகரமைப்பு அலுவலகத்துக்குச் சாலை அகலம் வேண்டும். "இது யாருடைய சொத்து?" என்பது எந்த அலுவலகத்தின் கேள்வியும் அல்ல. அது வாங்குகிறவரின் கேள்வி.

நம்பிக்கை: பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர்.

இந்தச் சர்வே எண்ணில் இத்தனை பரப்புக்கு அரசு யாரிடம் தீர்வை கேட்க வேண்டும் என்பதைத்தான் பட்டா சொல்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் உரிமை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அதற்குப் பிறகும் பல தீர்ப்புகளில் திரும்பச் சொல்லியிருக்கிறது.

நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது இது. அப்பா உயில் எழுதாமல் போய்விடுகிறார். மூத்தவர் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். தங்கைகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார்கள். அப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவரைப் பெற்ற தாய் என எல்லோருக்கும் சம பங்கு. அண்ணனிடம் மட்டும் கிரயம் வாங்கி, வீட்டையும் கட்டி, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் பட்டா வந்து சாட்சி சொல்லாது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்காகப் பட்டாவைக் குப்பை என்று தள்ளவும் கூடாது. இடம் புறம்போக்கா இல்லையா, பத்திரத்தில் சொன்ன பரப்பு அரசுக் கணக்கிலும் இருக்கிறதா என்பதை அதையும் புல வரைபடத்தையும் வைத்துத்தான் பார்க்க முடியும். யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் தவறாக ஏறிய பெயர்களையும் பரப்பையும் திருத்த இன்றைக்கும் மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகவில்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் வில்லங்கமே இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது மட்டும்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் பதிவாகாத உயில் அதில் தெரியாது. மேலே சொன்ன தங்கைகளின் பங்கும் தெரியாது. பதிவு செய்யாத கைக்கடிதம் காட்டி இடத்தில் குடியிருப்பவரும் தெரியமாட்டார். எந்தச் சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடுகிறோமோ அந்த எண்ணுக்குத்தான் பதில் வரும் என்பது இன்னொரு சிக்கல். 112/3 என்ற எண் உட்பிரிவாகி 112/3ஏ ஆகியிருந்தால், புது எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தவருக்குப் பழைய அடமானம் கண்ணில் படாது. சார்பதிவாளர் அலுவலகம் இரண்டாகப் பிரிந்த ஊர்களில் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். வக்கீல்கள் 30 ஆண்டு வில்லங்கம் கேட்பது வீம்பு அல்ல. அடமானம் வைத்த சொத்தை மீட்க வழக்குப் போடக் காலவரம்புச் சட்டம் கொடுக்கும் அவகாசமே 30 ஆண்டு.

நம்பிக்கை: கவர்ன்மென்ட்டே பதிவு பண்ணிக் கொடுத்துவிட்டது.

எனக்குத் தெரிந்து அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை இதுதான். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் சார்பதிவாளருக்குக் கொடுக்கப்படவில்லை. மூலப்பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழ்நாட்டு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ரத்து செய்தது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்று அது பதிவும் ஆகிவிட்டால், நம் கையில் இருப்பது அரசு முத்திரை குத்திய வெறும் காகிதம். பவர் பத்திரம் இன்னும் ஆபத்து. பொது அதிகாரப் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாங்கிவிட்டதாக நினைப்பது செல்லாது என்று 2011லேயே தீர்ப்பு வந்துவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அவரோடு முடிந்தது.

வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலை என்று நினைப்பவர்களுக்கு ஒரே வரி: அது முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் என்பது பொதுக் கணக்கு.

நம்பிக்கை: பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, போதும்.

போதாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ. பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தை நம்பி விற்கப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, சீட்டுப் பணத்தில் மனை வாங்கியவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். பிறகு வரன்முறைத் திட்டம் வந்தது. அது 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கானது. மனைப்பிரிவு அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. இரண்டுமே உரிமைக்குச் சான்று அல்ல.

இனி அடுக்குமாடிக்கு வருவோம்.

நம்பிக்கை: 1,200 சதுர அடி வீடு என்றால் உள்ளே 1,200 சதுர அடி.

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் பரப்பு. படிக்கட்டு, லிப்ட், வராந்தா, காவலாளி அறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு அது. ரெரா என்று சொல்லப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் கார்ப்பெட் பரப்பை வரையறுத்தது. அதில் வெளிச்சுவர், பால்கனி, குழாய்கள் போகும் குழி ஆகியவை சேராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் சேரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 சதுர அடி, அடிக்கு 7,000 ரூபாய் என்றால் 84 லட்சம். கார்ப்பெட் பரப்பு 850 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் நடமாடும் ஒவ்வொரு அடிக்கும் கொடுப்பது 9,882 ரூபாய். பக்கத்துத் தெருவில் அடி 8,500 என்பதை விலை அதிகம் என்று ஒதுக்கியவர், அது கார்ப்பெட் விலையா என்று கேட்டிருந்தால் லாபத்தில் இருந்திருப்பார்.

யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கை அதைவிடக் குறைவாகக் கவனிக்கிறோம். இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி நிலத்தில் ஒரே அளவில் எட்டு வீடுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 600 வர வேண்டும். உங்கள் பத்திரத்தில் 500 என்று இருந்தால், எட்டுப் பத்திரங்களிலும் விடுபட்ட 800 சதுர அடி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் மதிப்பு செங்கல்லுக்கு இல்லை, அந்தப் பங்குக்குத்தான்.

ரெரா எண் இருந்தால் கட்டடம் தரமானது என்பதும் நம்பிக்கைதான். அந்த எண் சிமெண்டைச் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. வாங்கியவர்களிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்; பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது; வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இவை சட்டம் உங்களுக்குக் கொடுத்த பிடிகள். சாவி வாங்கும்போது தேதி போட்ட ஒப்படைப்புக் கடிதத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.