நாலு வருடப் பணத்தை ஒரே நாளில் கட்டலாமா?

கேள்வி: தாபோடியில் இருக்கிறேன். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்து போசரி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். பட்டறை பெயரில் ஒரு வெப்சைட் உண்டு, அக்கா மகன் செய்து கொடுத்தது. கோட்டேஷன் கேட்டு வரும் மெயிலும் அதே பெயரில்தான் வரும். இதுவரை மாதாமாதம் அவன் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. போன தீபாவளி சமயத்தில் கார்டில் பணம் பிடிபடாமல் சைட்டும் நின்றது, மெயிலும் நின்றது. ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் போன் செய்து, "உங்களுக்கு அனுப்பிய மெயில் திரும்பி வருகிறதே" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது வேறு நிறுவனத்துக்கு மாறப் பார்க்கிறோம். அங்கே மாதாமாதம் கட்டினால் 350 ரூபாய். ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் மாதத்துக்கு 200. நாலு வருடத்துக்குக் கட்டினால் மாதத்துக்கு 129தான். ஜி.எஸ்.டி. தனி. கீழே சின்ன எழுத்தில் "ரினீவல் 399" என்று போட்டிருக்கிறது. அக்கா மகன் நாலு வருடம் போடச் சொல்கிறான். எனக்கோ பில் பணமே 60 நாள், 90 நாள் கழித்துத்தான் கைக்கு வருகிறது. எது சரி? கட்டிய பிறகு சர்வீஸ் சரியில்லை என்றால் என்ன செய்வது?

— ஒரு வாசகர், தாபோடி, புனே

பதில்: ஒரு வருடத்துக்குக் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். நீங்கள் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கும் மூன்று சேவைகளைப் பிரித்து வைப்பதுதான் அந்த வேலை. பட்டறையின் பெயர், அதாவது டொமைன், ஒன்று. அந்தப் பெயரில் வரும் மெயில் இன்னொன்று. பக்கங்கள் உட்கார்ந்திருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங் மூன்றாவது. உங்களுக்குத் தீபாவளியில் வந்த தொல்லைக்குக் காரணம் மாதக் கட்டணம் மட்டுமல்ல. மூன்றும் ஒரே கணக்கில், அதுவும் வேறொருவர் கார்டில் தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

முதலில் டொமைன். இதை மட்டும் எத்தனை வருடத்துக்கு முன்பணம் கட்டினாலும் நான் தடுக்க மாட்டேன். டாட் காம் பெயருக்கு வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகும். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடம் வரை எடுக்கலாம். உங்களுக்கு 5 வருடம் போதும். பதிவு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் சொந்த மெயில் முகவரியில் இருக்க வேண்டும். அக்கா மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நாளைக்கு அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, பழைய மெயிலைப் பார்ப்பதை விட்டுவிட்டால் நினைவூட்டல்கள் யாருக்குப் போய்ச் சேரும்? உலக அளவில் டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்று சொல்கிறது. அந்த மெயில் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும். தவறவிட்டால், டாட் காம் பெயர் ரத்தாகி அழிக்கப்படும் முன் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. ஆனால் மீட்கக் கேட்கும் தொகை வழக்கமான ரினீவலைப் போலப் பல மடங்கு. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் உங்கள் பட்டறைப் பெயரை வாங்கிக்கொள்ளலாம்.

பதிவில் இருக்கும் மெயில் முகவரியும் அந்த டொமைனையே நம்பி இருக்கக் கூடாது. பதிவுக்குக் கொடுக்கும் முகவரி பட்டறை டொமைனில் உள்ளதாக இருந்தால், டொமைன் நின்ற அன்றைக்கு எச்சரிக்கை மெயிலும் நின்றுவிடும்.

அடுத்து மெயில். உங்கள் தொழிலுக்கு வெப்சைட் இரண்டு நாள் நின்றால் பெரிய நட்டம் இல்லை. டிராயிங்கோடு வரும் விலை விசாரணை இரண்டு நாள் திரும்பிப் போனால் அந்த ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். எனவே மெயிலை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்து, மெயிலுக்கென்றே இருக்கும் சேவையில் வையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவிடமும் அது இருக்கிறது, கூகுளிடமும் இருக்கிறது. ஒரு முகவரிக்கு இவ்வளவு என்று கணக்கு. பட்டறைக்கு ஒன்றோ இரண்டோ முகவரிதான் தேவைப்படும். பிரித்துவிட்டால், ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினாலும், அங்கே பணம் கட்டத் தவறினாலும், மெயில் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

இனி உங்கள் கணக்கு. வரியை விட்டுவிட்டுப் பார்ப்போம். மாதாமாதம் கட்டினால் வருடத்துக்கு 4,200. சேர்த்துக் கட்டினால் 2,400. ஏழு மாதத்துக்கு மேல் அங்கே இருக்கப்போகிறீர்கள் என்றால் வருடக் கட்டணமே லாபம். நாலு வருடத்துக்கு 6,192. ஒரு வருடம் கட்டி, இரண்டாம் வருடமும் அங்கேயே தங்கினால் சின்ன எழுத்தில் இருக்கும் 399 வந்துவிடும்: 2,400-உம் 4,788-உம் சேர்த்து 7,188. அதாவது இரண்டு வருடச் செலவு நாலு வருடத் தொகையைத் தாண்டிவிடுகிறது. உங்கள் அக்கா மகன் கூட்டல் கழித்தலில் தப்புப் பண்ணவில்லை.

இருந்தும் ஒரு வருடம் என்று ஏன் சொல்கிறேன்? அந்தக் கணக்கு சரியாக வர, நாலு வருடமும் அந்த நிறுவனம் இன்றைக்கு இருப்பது போலவே இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் நாலு வருடம் ரொம்ப நீளம். மும்பையில் 1998-இல் தொடங்கிய டைரெக்டி குழுமத்தின் பிக்ராக், ரிசெல்லர்கிளப் போன்றவை 2014-இல் அமெரிக்காவின் எண்டூரன்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறின. அந்த எண்டூரன்ஸே 2021-இல் வெப் டாட் காம் நிறுவனத்தோடு சேர்ந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. கைமாறினால் தரம் கெடும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பணம் கட்டிய நிர்வாகம் வேறு, சேவை தரும் நிர்வாகம் வேறு என்றாகிவிடும். முன்பணம் உள்ளே கிடக்கும்போது அதைப் பற்றி உங்களால் பேசவும் முடியாது.

செலவு பக்கமும் அப்படித்தான். சிறு ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல நம்பியிருக்கும் சீ-பேனல் என்ற நிர்வாக மென்பொருள் 2019-இல் விலை முறையை மாற்றி, சர்வருக்கு இவ்வளவு என்றிருந்ததை அதில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்றாக்கியது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளரை வைத்திருந்தவர்களுக்கு மாதச் செலவு சட்டென்று ஏறியது. அந்த வருடம் பல வருடப் பணத்தை ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்ட ஒரு நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். பழைய வாடிக்கையாளரிடம் விலையை ஏற்ற முடியாது. அவர்களுக்கான செலவைத்தான் குறைக்க முடியும். மாதம் 129 ரூபாய் என்பது அந்த நிறுவனத்துக்குக் கட்டுபடியாகிற விலை என்று எனக்குத் தோன்றவில்லை. 399-தான் அவர்களுடைய உண்மை விலை. ஐந்தாம் வருடம் அது எப்படி வரும் என்பதையும் பாருங்கள்: அதே நாலு வருடத் திட்டம் தானாகப் புதுப்பிக்கப்பட்டால் 19,152 ரூபாய், 18 சதவீத வரியோடு 22,599. ஒரே நாளில்.

ஒரு வருடத்துக்கு நீங்கள் கட்டும் 2,400, வேண்டாம் என்றால் வெளியேறும் உரிமையைக் கையில் வைத்திருக்கிறது. டொமைனும் மெயிலும் தனியே இருப்பதால் உங்களைப் போன்ற சின்ன சைட்டை இடம் மாற்றுவது அக்கா மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வருட முடிவில் 4,788 கேட்டால், கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கிளம்பத் தயாராக இருப்பவருக்குச் சலுகை கிடைப்பது இந்தத் தொழிலில் சகஜம். கிடைக்காவிட்டால் மாறிவிடலாம்.

மாதாமாதம் கட்டுவது எப்போது சரி? சைட் இன்னும் கட்டி முடியாதபோது, அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கே தேவைப்படும்போது. உங்களுடையது அப்படி இல்லை. தவிர, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தன. முதலில் ஓ.டி.பி. போட்டு அனுமதி பதிய வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பல தானியங்கிக் கட்டணங்கள் அதற்குப் பிறகு தடைபட்டன. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை பணம் போக வேண்டும் என்றால் பன்னிரண்டு தடவை தவற வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கைப்பணம் ஏற்ற இறக்கமாக இருக்கும்போது அது இன்னும் ஆபத்து.

கைப்பணம் என்றதும் ஒன்று. உங்கள் பட்டறை உத்யம் பதிவு பெற்றிருந்தால், சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவறவிட்ட பாக்கியை, கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அதனால் நிலுவைகளை மார்ச் மாதத்தில் தீர்க்க வாங்கும் கம்பெனிகளுக்கே ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வருடாந்தரக் கட்டணங்களை ஏப்ரலில் விழும்படி வைத்துக்கொண்டால் கையில் பணம் இருக்கும் நேரமாக அமையும்.

முதல் மாதம் மட்டும் 350 கட்டிச் சோதித்துவிட்டு வருடத்துக்கு மாறலாமே என்று தோன்றும். வேண்டாம். 200 என்ற விலை பெரும்பாலும் புது வாடிக்கையாளருக்கு மட்டும். உள்ளே போன பிறகு மாறினால் கிடைக்காமல் போகலாம். அதற்குப் பதில் நேரே வருடத் திட்டத்தை எடுத்து, பணம் திருப்பித் தரும் கெடுவை, பெரும்பாலும் 30 நாள், சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். கெடு உண்டா, எத்தனை நாள் என்பதை விதிகளில் படித்துக்கொள்ளுங்கள். இலவசமாக டொமைன் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். திருப்பிக் கேட்கும்போது அதன் விலையைக் கழிப்பார்கள், டொமைனும் அவர்கள் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

அந்த நாட்களில் என்ன பார்ப்பது? சர்வர் மும்பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் இருந்தால் புனேயில் பக்கம் திறப்பதில் ஒவ்வொரு போக்குவரத்துக்கும் தாமதம் கூடும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு கேள்வி அனுப்பி, பதில் சொல்வது மனிதரா என்று பாருங்கள். "அளவில்லாத இடம்" என்ற திட்டத்திலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு இருக்கும். அது எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேக்கப்பிலிருந்து சைட்டை ஒரு தடவை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் எரிந்துபோனது. வேறு இடத்தில் பிரதி வைக்காத பலர் தகவல்களை அடியோடு இழந்தார்கள். மாதம் ஒரு முறை ஒரு முழுப் பிரதியை இறக்கிப் பட்டறைக் கம்ப்யூட்டரில் வையுங்கள். இதெல்லாம் 25-ஆம் நாளுக்குள் முடியட்டும். கெடு தாண்டிவிட்டால் கேட்க முடியாது.

பணம் கட்டும் பக்கத்தில் தானாக டிக் செய்யப்பட்டிருக்கும் கூடுதல்களை எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குக் காசு வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான நிறுவனங்கள் அதையே பொருத்தித் தருகின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், சேர்ந்த பிறகு விலக விடாத சந்தா வலையையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் ஏறட்டும், பதிவு பெற்றவர் என்றால் அந்த 18 சதவீதம் உள்ளீட்டு வரவாகத் திரும்பும்.

உங்கள் கடைசிக் கேள்வி: சர்வீஸ் சரியில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பில், உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் ரத்து கேட்ட தேதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு. அப்படி ஒரு வாதத்தில் 6,192 ரூபாய் மாட்டிக்கொண்டு நிற்பதைவிட, மாட்டக்கூடியது 2,400-க்குள் இருக்கட்டும்.