கடையில் வாங்கி இணையத்தில் விற்பது: ஒரு கணக்குப் பாடம்

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு விடியற்கால ரயிலைப் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, எங்கள் ஊரின் பல குடும்பங்களுக்கு அந்த ரயிலே வாழ்வாதாரம் ஆயிற்று. மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் இருட்டில் ஏறி, பெங்களூரில் உழைத்து, இருட்டிலேயே வீடு திரும்புவோர் ஏராளம். சுரங்கத் தொழிலாளியின் மகனான நானும் பல ஆண்டுகள் அவர்களில் ஒருவன்.

'ஊரிலேயே இருந்து பிழைக்க வழியில்லையா?' என்ற ஏக்கத்தில் 2022-இல் வேலையை விட்டேன். கடைகளில் தள்ளுபடிக்குப் பொருள் வாங்கி, அதை இணைய அங்காடிகளில் விற்பதை முழுநேரத் தொழிலாகத் தொடங்கினேன். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியைச் சேட்டுக் கடையில் அடகு வைத்துக் கிடைத்த பணமே முதலீடு. நான் கற்ற பாடம், இதே எண்ணம் கொண்ட நம் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

1. இங்கும் அங்கும்

அமெரிக்காவில் இது பலர் செய்யும் தொழில். பண்டிகைக்கு முன் தட்டுப்பாடாகும் பொம்மையை வாங்கி வைத்து, இரட்டிப்பு விலைக்கு விற்பவர்கள் அங்கு உண்டு. நம் நாட்டில் அது நடவாது. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு, அதாவது எம்.ஆர்.பி.க்கு, மேல் விற்பது சட்டப்படி குற்றம். ஆகவே விற்கும்போது விலையை ஏற்றி லாபம் பார்க்க முடியாது. வாங்கும்போதே லாபம் இருக்க வேண்டும். இது முதல் பாடம்.

2. வரிப் பதிவு

நம் ஊர் மூன்று மாநிலங்கள் கூடும் இடத்துக்கு அருகில் உள்ளது. பக்கத்திலுள்ள குப்பம் ஆந்திரம், கிருஷ்ணகிரி தமிழ்நாடு. இணைய அங்காடி வழியே அங்கு ஒரு பொருளை விற்றாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. அதற்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். கர்நாடகத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. ஆனால் பதிவு இல்லாதவர், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள இயலாது. உணவுப் பொருளானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ தனியாக வேண்டும்.

3. ஒரு பொருளின் கணக்கு

எம்.ஆர்.பி. 600 ரூபாய் உள்ள ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். கடையில் தள்ளுபடியில் 330-க்குக் கிடைக்கிறது. இணையத்தில் 540-க்கு விற்கிறோம். 'ஆஹா, 210 ரூபாய் லாபம்' என்று நானும் மகிழ்ந்தேன். இனிச் செலவைப் பாருங்கள். அங்காடிக் கட்டணமும் அனுப்பும் செலவும் 110, அதன்மேல் வரி 20, அட்டைப்பெட்டி முதலியவை 15 என்று வைத்துக்கொள்வோம். மீதி 65.

பொருளுக்கு வரி 18 சதவீதம் என்றால், 540-க்குள் அடங்கிய வரி சுமார் 82 ரூபாய். கடைக்காரர் நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் குறித்து ரசீது தந்திருந்தால், 330-க்குள் அடங்கிய 50 ரூபாயையும், கட்டணத்தின் மேல் கட்டிய 20 ரூபாயையும் கழித்து, 12 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். கையில் நிற்பது 53. அப்படிப்பட்ட ரசீது இல்லையென்றால் 62 ரூபாய் கட்ட வேண்டும். கையில் நிற்பது வெறும் 3 ரூபாய்!

4. திரும்பி வரும் பொருள்

பத்தில் ஒன்று திரும்பி வருவதாகக் கொள்வோம். ஒன்பது பொருளில் 477 ரூபாய் லாபம். திரும்பிய ஒன்றுக்குப் போக்குவரத்தும் பெட்டியும் சேர்த்து 95 போனால் மீதி 382; அதாவது பொருளுக்கு 38 ரூபாய். திரும்பியது நசுங்கி வந்து விற்க முடியாமல் போனால் அதன் விலை 330-உம் போய், பத்துப் பொருளுக்கும் சேர்த்து 52 ரூபாய்தான் மிஞ்சும்.

5. முழுநேரம் என்றால்

மாதம் 20,000 ரூபாய் வேண்டுமென்றால், பொருளுக்கு 38 வீதம் ஏறத்தாழ 526 பொருள் விற்க வேண்டும். 26 நாள் உழைத்தால் நாளுக்கு 20. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைகளை எத்தனை முறை சுற்றினாலும் இவ்வளவு மலிவில் தினமும் 20 பொருள் கிடைக்கவில்லை. சரக்குத் தேடி நான் எங்கே போனேன் தெரியுமா? அதே விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு! ரயிலை விடவேண்டும் என்று தொடங்கிய தொழில் என்னை மறுபடியும் ரயிலிலேயே ஏற்றியது.

6. எனக்கு நேர்ந்தது

ஒரே கடையில் 60 ஃபிளாஸ்க் மொத்தமாக வாங்கினேன். பத்துக்கூட விற்கவில்லை, அந்தப் பொருளைத் தயாரிப்பாளரின் விநியோகஸ்தரிடம் வாங்கியதற்கு ரசீது காட்டும்படி இணைய அங்காடி கேட்டது. சில்லறைக் கடை ரசீதை ஏற்கவில்லை, விற்பனை நின்றது. மீதி ஃபிளாஸ்க்குகள் எங்கள் லைன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அடகு வட்டி மட்டும் நிற்கவில்லை.

அம்மா கோபப்படவில்லை. "எவ்வளவு போச்சுன்னு எழுதி வச்சிருக்கியாப்பா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதி வைத்திருக்கவில்லை. அன்றிரவு உட்கார்ந்து எழுதியதுதான் மேலே உள்ள கணக்கு. தெரிந்தவர்களிடமும் திருமண வீடுகளிலும் அடக்க விலைக்கு விற்று, மீண்டும் வேலைக்குப் போய், 14 மாதத்தில் சங்கிலியை மீட்டேன்.

7. தொடங்குவோர் கவனத்துக்கு

- இருக்கும் வேலையை விடாமல் ஓய்வு நேரத்தில் தொடங்குங்கள். ஆறு மாதக் கணக்கு நோட்டைப் பார்த்த பிறகே முழுநேரத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள்.
- நகையை அடகு வைக்காதீர்கள். போனால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள்.
- வாங்குமுன், அந்தப் பொருளை விற்க அனுமதி உண்டா என்று அங்காடியில் பாருங்கள். முதலில் மூன்று மட்டும் வாங்குங்கள்.
- உங்கள் எண் குறித்த வரி ரசீது தராத கடையில் வாங்காதீர்கள்.
- சில்லறைக் கடையில் பழகிய பின், மொத்த வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ நேரே வாங்க முயலுங்கள். நிலைத்த தொழில் அங்குதான் உள்ளது.

ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராம் தங்கம் எடுத்தவர்கள் நம் பெரியவர்கள். எந்தப் பாறையை உடைத்தால் கட்டுப்படியாகும் என்று சோதித்த பிறகே அதை மேலே ஏற்றினார்கள். நானோ சோதிக்காமல் ஏற்றினேன். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இத்தொழிலைச் செய்கிறேன். சிறு லாபம் வருகிறது. நோட்டை மாதந்தோறும் அம்மா கேட்டு வாங்கிப் பார்க்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து போடுங்கள், நண்பர்களே!