நிலக்கல்லில் அரை நாள்

சபரிமலைக்குப் போய்வந்த தமிழர்கள் பலருக்கு நிலக்கல் என்றால் வண்டி நிறுத்தும் மைதானம். வேனை நிறுத்து, பம்பைக்கு பஸ் பிடி, மலையேறு, இறங்கி வந்து வேனைத் தேடு. அதற்கு மேல் இந்த ஊரைப் பற்றிக் கேட்டால் கழிப்பறை வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பைக் கரை உருக்குலைந்த பிறகு அடிவார முகாம் இங்கே வந்துவிட்டது. அதனால்தான் இந்த நிலை.

ஆனால் மைதானத்தின் இரைச்சலை விட்டுக் கொஞ்சம் விலகினால் பழமையான சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி ஆங்கமூழி பக்கம், கேரளத்தின் பல கிறிஸ்தவச் சபைகள் கூடிக் கட்டிய தேவாலயம் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் போதும். மலைக்கு மாலை போட்டு வருபவரானாலும், இயேசுவின் சீடர் தோமையாரின் பெயரோடு சேர்ந்த தேவாலயங்களைத் தேடி வருபவரானாலும், இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்பதே என் கட்சி.

எப்படி வருவது

பத்தனம்திட்டா மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைக்காட்டில் இருக்கிறது நிலக்கல். பம்பைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் செங்கோட்டை வழி வசதி. ஆரியங்காவு, புனலூர், கோன்னி, பத்தனம்திட்டா, வடசேரிக்கரை, பெருநாடு, லாஹா, பிளாப்பள்ளி என்று வந்து சேரலாம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தவர்கள் கம்பம் வழியாக ஏறி வண்டிப்பெரியாறு, முண்டக்கயம், எருமேலி வந்து, கணமலை இறங்கி, இலவுங்கல் வழியாக வருவார்கள். சீசனில் நெரிசல் கூடினால் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக விடுவது தேனி மாவட்டக் காவல்துறையின் வழக்கம். கிளம்பும் முன் அன்றைய ஏற்பாட்டை விசாரித்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள் செங்கன்னூரில் இறங்கினால் சீசனில் ஸ்டேஷன் வாசலிலேயே கேரள அரசு பஸ் நிற்கும்.

எருமேலி வழியில் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணமலை இறக்கம் சபரிமலைப் பாதையிலேயே மோசமான இறக்கங்களில் ஒன்று. செங்குத்துச் சரிவு, அடுத்தடுத்து வளைவு. வெளிமாநில பஸ்களும் வேன்களும் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்து உயிர்கள் போன இடம் இது. சமவெளியிலேயே வண்டி ஓட்டிப் பழகிய டிரைவர், இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். எந்த கியரில் ஏற வேண்டிய மேடோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. இரவு முழுக்க ஓட்டி வந்த டிரைவரை எருமேலியில் இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். குருசாமி அவசரப்படுத்தினாலும் விடுங்கள்.

எப்போது வருவது

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மண்டல பூஜை வரை, பிறகு மகரவிளக்கை ஒட்டிய நாட்கள், இவைதான் சீசன். நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 20 வாக்கில் நடை அடைக்கும்வரை நிலக்கல் ஒரு தற்காலிக நகரம். கடை, சாப்பாடு, மருந்து, படுக்க விரி எல்லாம் கிடைக்கும். அமைதி கிடைக்காது. மலையாள மாதம் பிறக்கும்போது ஐந்து நாட்கள் சபரிமலை நடை திறக்கும். அப்போதும் கூட்டம் உண்டு, ஆனால் மூச்சு விடலாம். ஊரை ஊராகப் பார்க்க வேண்டுமானால் இந்த நாட்களைத் தவிர்த்து பிப்ரவரி, மார்ச்சில் வாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும். புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். ஐப்பசியில் காலை வெயிலை நம்பிக் குடையை வண்டியிலேயே விட்டுவிட வேண்டாம். பிற்பகலில் இடியோடு பெய்யும்.

சீசனில் வந்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு நாளைச் சொல்கிறேன். பந்தளத்திலிருந்து ஜனவரி 12 வாக்கில் கிளம்பும் திருவாபரண ஊர்வலம், வழியில் இரண்டு இரவுகள் தங்கி, மகரவிளக்கன்று லாஹாவிலிருந்து பிளாப்பள்ளி, இலவுங்கல், நிலக்கல் வழியாகக் காட்டுக்குள் போகும். சன்னிதானத்தில் தலைகளுக்கு மேல் எம்பி எம்பிப் பார்க்கும் திருவாபரணப் பெட்டிகளை இங்கே பக்கத்தில் நின்றே கும்பிடலாம். மண்டல பூஜைக்கு முன்னால் ஆறன்முளையிலிருந்து வரும் தங்க அங்கி ரதமும் இதே ஊர் வழியாகத்தான் போகிறது.

மகாதேவர் கோயில்

நிலக்கல் மகாதேவர் கோயில் திருவிதாங்கூர் தேவசம் போர்டின் நிர்வாகத்தில் இருக்கிறது. காட்டை நோக்கி உக்கிரமாகவும், பக்தர்களுக்கு மங்களம் தருபவராகவும் இரண்டு பாவங்களில் சிவன் இருக்கிறார் என்பது இங்குள்ள நம்பிக்கை. ஐயப்பனுக்குத் தகப்பன் முறை என்பதால், மகனைப் பார்க்கப் போகுமுன் இவரிடம் சொல்லிவிட்டுப் போவது பழைய ஆட்களின் வழக்கம். வேனிலிருந்து இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடுகிற இன்றைய கூட்டம் இதை மறந்துவிட்டது.

கோபுரத்தை எதிர்பார்த்து வராதீர்கள். கேரளச் சிவன் கோயில்களுக்கே உரிய அடக்கமான கட்டடம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். நம் ஊர்போல் முழு வலம் வரக் கூடாது. அபிஷேக நீர் வெளியேறும் ஓவு வரை போய், அதைத் தாண்டாமல் வந்த வழியே திரும்பி, மறுபக்கம் வரை வந்து மீண்டும் திரும்ப வேண்டும். தெரியாமல் தாண்டப் போனால் பக்கத்தில் நிற்கும் அம்மச்சி யாராவது கையைக் காட்டி நிறுத்துவார், கோபப்பட வேண்டாம். அர்ச்சனைத் தட்டு வாங்கும் பழக்கம் இங்கே இல்லை. கவுன்டரில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி வழிபாட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். வில்வ மாலையைக் ‘கூவள மாலை’ என்று கேளுங்கள். காலை நடை உச்சிப் பூஜையோடு அடைத்துவிடும். மறுபடி மாலை ஐந்து மணி வாக்கில்தான் திறக்கும். அருகில் பள்ளியறக்காவு தேவி கோயில் இருக்கிறது. நேரம் இருந்தால் அங்கும் ஒரு எட்டு போய்வரலாம்.

குடும்பத்தோடு வந்து, மலையேறாமல் நிலக்கல்லிலேயே காத்திருக்கும் பெண்கள் பலர் வேனுக்குள் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறார்கள். இந்தக் கோயிலில் பெண்களுக்கு வயது வரம்பு எதுவும் கிடையாது. மாலை தீபாராதனைக்கு எல்லோரும் போகலாம்.

தோமையார் தேவாலயம்

இயேசுவின் சீடரான தோமையார் கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கி, ஏழரைப் பள்ளிகளை, அதாவது தேவாலயங்களை, நிறுவினார் என்பது மலையாளக் கிறிஸ்தவர்களின் மரபு. அது வரலாறா, மரபா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நம்பிக்கையோ ஆழமானது. கொடுங்கல்லூர், பாலயூர், கோட்டக்காவு, கோக்கமங்கலம், நிரணம், கொல்லம், நிலக்கல் ஆகியவை ஏழு. மிச்சமுள்ள அரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில், திருவிதாங்கோட்டில் இருக்கிறது. மற்றவை எல்லாம் கடலையோ காயலையோ ஒட்டியவை, அல்லது தாழ்நிலத்தில் இருப்பவை. மலைக்காட்டில் இருப்பது நிலக்கல் மட்டுமே. பழைய காலத்தில் பாண்டிய நாட்டிலிருந்து மலையைக் கடந்து வரும் வணிகப் பாதையில் இது ஒரு சந்தை ஊராக இருந்தது என்றும், கொள்ளையாலும் நோயாலும் மக்கள் கலைந்து காஞ்சிரப்பள்ளி போன்ற ஊர்களுக்குப் போய்விட்டார்கள் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். காடு ஊரை மூடிக்கொண்டது.

1983 மார்ச்சில் மகாதேவர் கோயிலின் சுற்றுப்புறத்தில் ஒரு கல் சிலுவை கிடைத்ததாகச் செய்தி பரவியது. அந்த இடத்தில் பள்ளி எழ வேண்டும் என்று ஒரு தரப்பும், கோயில் நிலத்தில் அதற்கு இடமில்லை என்று மறுதரப்பும் நின்றன. மாதக்கணக்கில் போராட்டம், ஊர்வலம், கைது என்று கேரளமே கொதித்தது. கே. கருணாகரன் முதலமைச்சராக இருந்த காலம். கடைசியில் பேச்சுவார்த்தையில் வழி பிறந்தது. கோயிலிலிருந்து தள்ளி வேறோர் இடத்தை அரசு கொடுத்தது; சபைத் தலைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1984 ஏப்ரலில் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இது எந்த ஒரு சபைக்கும் சொந்தமில்லை. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய, மார்த்தோமா, சி.எஸ்.ஐ. என்று தங்களுக்குள் நீதிமன்றம் வரை போய்ச் சண்டையிடும் சபைகள்கூட இங்கே ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்கின்றன. எனக்கு அந்தச் சிலுவைச் செய்தியைவிட இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

நிலக்கல் மைதானத்திலிருந்து பம்பைக்கு ஓடும் பஸ் தேவாலயத்துக்குப் போகாது. சொந்த வண்டி இல்லாதவர்கள் ஆங்கமூழி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவோ ஜீப்போ பேசிக்கொள்ளலாம். வாடகையை ஏறும் முன்பே பேசுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கறுப்பு வேட்டியும் மாலையுமாகப் போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். ஜூலை 3 தோமையார் நினைவு நாள். அன்று மழைக்குத் தயாராகவே வர வேண்டும். கிறிஸ்தவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: கேரளக் கோயில்களில் பிற மதத்தவரை உள்ளே விடாத வழக்கம் பொதுவாக உண்டு. மகாதேவர் கோயிலில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தயக்கம் இருந்தால் வெளியில் நின்றே பார்த்துக்கொள்ளுங்கள். சபரிமலையில் அந்தத் தடை கிடையாது.

அரை நாள் திட்டம் என்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம். காலையில் மகாதேவர், நடை அடைத்ததும் தேவாலயம், மதியச் சாப்பாடு ஆங்கமூழியில். மதியத்துக்கு மேல் வந்து சேர்பவர்கள் முதலில் தேவாலயம், பிறகு தீபாராதனைக்குக் கோயில் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டியபின் காட்டுச் சாலையில் சுற்ற வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு. சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்கிப் படம் எடுக்காமல், தள்ளியே நில்லுங்கள்.

தங்க, சாப்பிட

சீசன் இல்லாத நாட்களில் இங்கே தங்குவதற்கு நம்பி வராதீர்கள். பத்தனம்திட்டா, ரான்னி, எருமேலியில் எல்லா விலைக்கும் லாட்ஜ் இருக்கிறது. சீசனில் ஹோட்டல் சாப்பாட்டைவிடக் காலையில் புட்டும் கடலையும், மதியம் கஞ்சியும் பயறும் வயிற்றுக்கு நல்லது. மேசையில் வைக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீர் பதிமுகம் போட்டுக் காய்ச்சியது, தைரியமாகக் குடிக்கலாம். தண்ணீர் இந்த ஊரின் நெடுநாள் தொல்லை. பக்கத்தில் ஆறு இல்லாததால் டேங்கரில் கொண்டுவந்தே காலம் தள்ளிய இடம். குளிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில. வண்டி நிறுத்திய மைதானத்தின் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வெள்ளை வேன்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் இடத்தில் நள்ளிரவில் தேடுவது மலையேற்றத்தைவிடக் கஷ்டம். பெட்ரோல், டீசலை ரான்னியிலோ எருமேலியிலோ நிரப்பிவிடுங்கள். காட்டுக்குள் பிஎஸ்என்எல் ஓரளவு எடுக்கும், மற்றவை சந்தேகம். சபரிமலைக்கான இணைய முன்பதிவுச் சீட்டைக் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். லாஹாவிலிருந்து பம்பை வரை சாலையோரத்தில் தார்ப்பாய்க் குடிசைகள் தென்பட்டால் அவை மலைப்பண்டாரங்களின் வீடுகள். தேனும் குங்கிலியமும் எடுத்துப் பிழைக்கும் காட்டுக் குடிகள் அவர்கள். வீட்டு வாசலில் போய்ப் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள்.

இருமுடி கட்டும்போதே மஞ்சள், குங்குமம், அவல், பொரி எல்லாவற்றையும் காகிதத்திலோ துணியிலோ பொதியுங்கள். இருமுடியில் பிளாஸ்டிக்கைக் கேரள உயர் நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. உப்பும் இனிப்பும் ஒட்டிய கவரை யானையும் மானும் தின்றுவிடுகின்றன. அதையும் மீறி ஏதாவது வந்துவிட்டால் நிலக்கல்லில் வீசாமல் ஊர் வரை திரும்பக் கொண்டுபோங்கள், சாமி.