விளையாட்டு நாளுக்கு ஒரு சுண்டல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் காற்பந்து என்றாலே பெரியோர் 1980-ஆம் ஆண்டைப் பேசுவர். அவ்வாண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை 2–1 என வென்றது; கோல் காவலர் ஆர். ஆறுமுகம். இத்தகைய ஆட்டங்களைக் கூடிப் பார்க்கும் வீட்டிலும், பள்ளி விளையாட்டு நாளிலும் பசியாற எளியது கொண்டைக்கடலைச் சுண்டலே என்போம்.

கடலையை முந்திய இரவே நிறைய நீரில் ஊற வைத்தல் வேண்டும். காலையில் அது ஏறக்குறைய இரு மடங்காகப் பருத்திருக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவிடுக. விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். பின்னர் உப்பிட்டு, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கிளறுக.

இனித் தேங்காய். இங்கேதான் நாம் ஒருமுறை தவறினோம். காலையிலேயே துருவலைக் கலந்து, சூடு ஆறுமுன் குண்டானை மூடிவிட்டோம். நண்பகலில் திறந்தால் புளித்த வாடை! அத்தனையையும் குழியில் கொட்டினோம். ஓடிக் களைத்த பிள்ளைகள் வெறும் தண்ணீரே குடித்தனர். பாவம், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கிருமிகள் விரைந்து பெருகும்; தேங்காய் சேர்ந்த உணவு இன்னும் விரைவில் கெடும். ஆதலின் முழுத் தேங்காயையும் துருவியையும் திடலுக்கே கொண்டு செல்க. பரிமாறும் வேளையில் துருவிக்கொள்ளலாம். தேங்காயில்லாச் சுண்டலையும் சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் உண்பது நலம். அடுப்பை விடியலில் மூட்ட வேண்டுவதில்லை. கடலை ஊறியிருந்தால், ஓட்டப் பந்தயங்கள் நடக்கும்போதே பெற்றோர் இருவர் திடலோரத்தில் வேகவைத்துவிடலாம்.

தேங்காய் கிட்டாவிடில் எலுமிச்சைச் சாறு பிழிக. சிறார் சிலர் அதையே கேட்டு வாங்குகின்றனர்.