வாகனத் துரத்தல்: துரத்தும் தரப்புக்கான முக்கியக் குறிப்புகள்

எஸ்.ஐ. தேர்வுக்குக் கூடிப் படிக்கும் கொங்கு வட்டார நண்பர்களுக்கு ஒரு யோசனை. சட்டப் பிரிவுகளை ஒப்பித்து அலுத்துப்போன மாலையில் ஒரு சார்ட் பேப்பரில் சேலம்–கொச்சி சாலையை வரைந்து, பகடையோடு உட்காருங்கள். ஒருவர் கதை நடத்துபவர், ஒருவர் தப்பியோடும் லாரி. மற்றவர்கள் ரோந்து வாகனம், சோதனைச் சாவடி, கட்டுப்பாட்டு அறை. மேசையில் ஆடும் இந்தக் கதாபாத்திர விளையாட்டில் பெரும்பாலோர் ஓடுகிறவன் பக்கமே நின்று யோசிப்பார்கள். இந்தக் குறிப்புகள் துரத்துகிறவர் பக்கம் நிற்பவை.

அ. முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு: நாமக்கல் மாவட்டம், 27.09.2024

• அன்று அதிகாலை கேரளத்தின் திருச்சூரில் மூன்று எஸ்.பி.ஐ. ஏ.டி.எம்.கள் கேஸ் கட்டரால் வெட்டித் திறக்கப்பட்டன. பறிபோனது சுமார் 65 லட்சம் ரூபாய்.

• கும்பலில் 7 பேர். கொள்ளைக்குப் பயன்பட்டது வெள்ளை நிற கிரெட்டா கார். பிறகு அந்தக் காரையே ஒரு கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டார்கள். காரைத் தேடிச் சாலையில் நிற்பவரின் கண்முன்னே லாரி கடந்து போகும். இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

• குமாரபாளையம் பகுதியில் காவலர்கள் நிறுத்தச் சொல்லியும் லாரி நிற்கவில்லை. வழியில் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் இடித்துக்கொண்டே ஓடியது. வெப்படை அருகே சன்னியாசிப்பட்டியில் மடக்கினார்கள்.

• முன் கேபினில் இருந்தவர்கள் பிடிபட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. லாரியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகும் வழியில் கன்டெய்னருக்குள் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒருவர் பையோடு குதித்து ஓடினார். காவலர்கள் தாக்கப்பட, துப்பாக்கிச் சூடு நடந்தது. லாரி ஓட்டியவர் இறந்தார். இன்னொருவருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. காவல் அதிகாரிகள் இருவர் காயமடைந்தனர். மற்ற ஐவரும் கைதானார்கள்.

• விளையாட்டுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டிய விதி: வண்டி நின்றதும் துரத்தல் முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். எத்தனை பேர், எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும்வரை அடுத்த சுற்று உண்டு. கேபினைப் பார்த்தீர்கள், பின்கதவைப் பார்த்தீர்களா என்று கதை நடத்துபவர் தானாகக் கேட்கக் கூடாது. துரத்துகிறவர்தான் கேட்க வேண்டும்.

ஆ. சாலை அறிவு

• தேசிய நெடுஞ்சாலை 544 (பழைய எண் 47): சேலம், சங்ககிரி, குமாரபாளையம், பவானி, பெருந்துறை, அவிநாசி, கோவை, வாளையார், பாலக்காடு, திருச்சூர். இந்த வரிசையைத் தலைகீழாகவும் சொல்லப் பழகுங்கள். துரத்தல் எந்தத் திசையிலும் வரும்.

• காவிரியின் ஒரு கரையில் பவானி, ஈரோடு மாவட்டம். மறுகரையில் குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம். ஆற்றைக் கடக்கப் பாலங்கள் சிலவே. ஓடுகிறவன் எந்தச் சந்தில் புகுந்தாலும் கடைசியில் ஒரு பாலத்துக்கு வந்தே தீர வேண்டும். வரைபடத்தில் பாலங்களுக்குச் சிவப்பு வட்டம் போட்ட குழு பாதி ஆட்டத்தை வென்றுவிட்டது.

• காவல்துறை மேற்கு மண்டலத்தின் தலைமையிடம் கோவை. அதன்கீழ் கோவை, சேலம் என இரு சரகங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களுக்குத் தனித்தனி ஆணையர்கள். எல்லை மாறும் இடத்தில்தான் தகவல் தாமதமாகும். அதனால் விளையாட்டில் மாவட்ட எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ‘மைக்’கில் தகவல் சொல்லும் ஒரு சுற்றைக் கட்டாயமாக்குங்கள்.

• கொண்டை ஊசி வளைவுகள்: திம்பம் 27, வால்பாறை 40, கொல்லிமலை 70. மலைப்பாதையில் துரத்துகிறவருக்கு அவசரமே வேண்டாம். மேலே ஒரு சாவடி, கீழே ஒரு சாவடி போதும். திம்பத்தில் 10.02.2022 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தது.

இ. துரத்தும் தரப்பின் உத்திகள்

• முந்துவதைவிட முன்னால் இருப்பது மேல். பின்னால் விரட்டும் ஒரு ஜீப்பைவிட, 20 கி.மீ. தள்ளி நிற்கும் இரண்டு காவலர்களும் ஒரு பேரிகேடும் அதிகம் சாதிப்பார்கள். சுற்றுக்கு ஒரு செயல் என்றால், முதல் செயலை ஆக்சிலேட்டருக்குக் கொடுக்காமல் தகவலுக்குக் கொடுங்கள்.

• கண் விடாமை. ஒரே ஒரு வாகனம் மட்டும் பார்வைத் தொடர்பை வைத்திருக்க வேண்டும். மற்றவை இணைச் சாலைகளில் போக வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில் பின்தொடர்ந்தால் லாரி ஒரு சந்தில் திரும்பியதும் அத்தனை பேரும் சேர்ந்து தவறவிடுவார்கள்.

• வேகத்தின் கணக்கு: மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை நொடி ஆனால், பிரேக்கில் கால் படுவதற்குள் 33 மீட்டர் போயிருக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. காலையில் பனியன் கம்பெனி வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் நிற்கும் சாலையில் இந்த 33 மீட்டரை நினைத்துக்கொண்டுதான் பகடையை உருட்ட வேண்டும்.

• பின்பக்க ஓரத்தில் தட்டிச் சுழலவைக்கும் உத்தி அமெரிக்கக் காவல்துறையில் பெயர் பெற்றது. அது காருக்கு. உயரமான கன்டெய்னர் லாரியிடம் ஜீப் அதைச் செய்தால் நசுங்குவது ஜீப்தான். லாரிக்கு ஏற்றது சாலையடைப்பு, நெரிசலுக்குள் தள்ளாமல் ஒதுக்குவது, டயரின் காற்றை இறக்கும் முள்பட்டை.

• துரத்தாமல் பிடிப்பதும் துரத்தலின் உத்தியே. 18.10.2004 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே பாடியில், கே.விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை வீரப்பனை எதிர்கொண்டது. வீரப்பன் ஏறி வந்த ஆம்புலன்ஸை ஓட்டியவரே காவல்துறையின் ஆள். பல ஆண்டுகள் காட்டுக்குள் தேடியும் முடியாததை, காட்டிலிருந்து வெளியே வரவைத்து முடித்தார்கள். நடவடிக்கையின் பெயர் ஆபரேஷன் ககூன், தேர்வுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

• விட்டுவிடத் தெரிய வேண்டும். வண்டி எண் தெரிந்து, ஆள் அடையாளம் தெரிந்து, முன்னால் சுங்கச்சாவடியும் இருக்கிறது என்றால் ஊருக்குள் விரட்டத் தேவையே இல்லை. இந்த முடிவை எடுப்பவர் ஓட்டுநராக இருக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவராக இருக்க வேண்டும். விரட்டும் வெறியில் இல்லாத ஒருவர்தான் நிதானமாகச் சொல்ல முடியும்.

ஈ. விளையாட்டுகள் சொல்வது

• டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: 1974. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். துரத்தலில் ஓட்டத்துக்கு உடல் வலுவை ஒட்டிய ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சோர்வு ஏறும்.

• ஜேம்ஸ் பாண்ட் 007: 1983, விக்டரி கேம்ஸ். இரு தரப்பும் எவ்வளவு கடினமான சாகசத்துக்குத் தயார் என்று ஏலம் கேட்கும். இதில் துரத்துகிறவர் ஏலத்தை விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

• ஸ்காட்லாந்து யார்டு: 1983, ராவன்ஸ்பர்கர், அவ்வாண்டின் ஜெர்மானிய ஆட்ட விருதைப் பெற்றது. மிஸ்டர் எக்ஸ் 3, 8, 13, 18 போன்ற குறிப்பிட்ட சில நகர்வுகளில் மட்டுமே கண்ணில் படுவார். மற்ற நேரங்களில் பெரும்பாலும் அவர் எந்த வகை வண்டியில் போனார் என்பது மட்டும் தெரியும். கார் கன்டெய்னருக்குள் மறைந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை: கண்ணில் படாத நேரத்தில் அவரைத் தேடாதீர்கள், வெளியேறும் வழிகளை நிரப்புங்கள்.

உ. சட்டம் (பழைய எண்ணோடு சேர்த்துப் படிக்கவும்)

• பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலுக்கு வந்த நாள் 01.07.2024. நாமக்கல் துரத்தல் நடந்தபோது அதற்கு மூன்று மாதம்கூட நிரம்பவில்லை.

• பிரிவு 45 (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 48): பிடியாணையின்றிக் கைது செய்யத் தனக்கு அதிகாரம் உள்ள நபரை இந்தியாவின் எந்த இடத்துக்கும் காவல் அதிகாரி துரத்திச் செல்லலாம். மாநில எல்லையான வாளையாரில் துரத்தல் நின்றுவிட வேண்டியதில்லை.

• பிரிவு 43 (பழைய 46): கைதை எதிர்த்தால் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் மரணத்தை விளைவிக்க உரிமை இல்லை. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் எழுதினால் விடை தவறு.

• மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 132: வாகனம் விபத்தில் தொடர்புபட்டிருக்கும்போது, சீருடையில் உள்ள, சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும்.

• பாரதிய நியாய சன்ஹிதா 281 (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 279): பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுதல்.

• அரசமைப்புச் சட்டம் 22(2): கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

• பி.யு.சி.எல். எதிர் மகாராஷ்டிர மாநிலம், உச்ச நீதிமன்றம், 23.09.2014: காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் பின்பற்ற வேண்டிய 16 நெறிமுறைகள். நடுவர் விசாரணை கட்டாயம்.

ஊ. மேசைக்கு ஒரு விதி

• சாலையோரம் நிற்பவர்களுக்கும் சார்ட்டில் காய் வையுங்கள்: டீக்கடை பெஞ்சில் இருப்பவர், டூவீலரில் மில்லுக்குப் போகும் பெண், சைக்கிள் பையன். உங்கள் வாகனம் அவர்களில் ஒருவரை இடித்தால், லாரி பிடிபட்டாலும் அந்தச் சுற்று துரத்திய தரப்புக்குத் தோல்வி. தயவுசெய்து இந்த விதியை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். நாளை நீங்கள் சீருடையில் இருப்பீர்கள்.