மலிவு விலை ட்யூபா: சுருதியும் மதிப்பும்

பி-ஃபிளாட் ட்யூபாவின் சுருள்களைப் பிரித்து நீட்டினால், வால்வு எதையும் அழுத்தாத நிலையிலேயே குழாய் சுமார் 5.5 மீட்டர் வரும். சி ட்யூபா 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஈ-ஃபிளாட் சுமார் 4 மீட்டர். இவ்வளவு நீளமான, விரிந்துகொண்டே போகும் குழாயில் எல்லாச் சுரமும் இடத்தில் நிற்பது விலையுயர்ந்த கருவியிலேயே நடப்பதில்லை. ஆகவே மலிவு விலை ட்யூபாவைக் கையில் எடுப்பவர் பார்க்க வேண்டியது இரண்டு: எந்தச் சுரம் எந்தப் பக்கம் விலகுகிறது, அந்த விலகலை வாசிக்கும்போதே திருத்த முடியுமா.

ஏறி ஒலிக்கும் சுரத்துக்கு வைத்தியம் உண்டு. ஸ்லைடை வெளியே இழுத்தால் குழாய் நீண்டு சுருதி இறங்கும். இறங்கி ஒலிக்கும் சுரத்துக்கு அந்த வழி இல்லை. முழுக்க உள்ளே இருக்கும் ஸ்லைடை அதற்கு மேல் தள்ள இடமில்லை. உதட்டால் ஏற்றிப் பிடிக்கலாம்தான். கடையில் ஐந்து நிமிடம் வாசிக்கும்போது அது தெரியாது; முழு ஒத்திகையில் உதடு சோர்ந்து, ஒலியும் மெலிந்துவிடும். கருவி சூடேறிய பிறகு, மெயின் ஸ்லைடு இரண்டு மூன்று செ.மீ. வெளியே இருக்கும் நிலையில் ஏ=440 சுருதிக்குச் சேர வேண்டும். முழுக்க உள்ளே தள்ளியும் எட்டவில்லை என்றால் ஸ்லைடுக் குழாயை வெட்டிக் குறைப்பது பழுதுபார்ப்பவர் செய்யக்கூடியதே; அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தக் கருவியும் சரியாக இருந்து ஒரேயொரு திறந்த சுரம் (வால்வு அழுத்தாமல் வாசிப்பது) மட்டும் 25 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் கால் பங்கு, இறங்கி நின்றால் அது குழாய் விரியும் விதத்திலேயே உள்ள குறை. அதை யாரும் சரிசெய்து தர மாட்டார்கள்.

வால்வுகளின் கணக்கு வேறு. முதல் வால்வு ஒரு முழுச் சுரமும், இரண்டாவது அரைச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்கும். தனித்தனியே சரியாக ஒலிக்கும்படி இவற்றின் குழாய்களை வெட்டினால், சேர்த்து அழுத்தும்போது நீளம் போதாது. முதல் வால்வால் ஏற்கெனவே நீண்டுவிட்ட குழாயை மேலும் ஒன்றரைச் சுரம் இறக்க, மூன்றாவது வால்வில் இருப்பதைவிட நீளமான துண்டு தேவைப்படுகிறது. விளைவு: 1-2 சேர்க்கை சுமார் 10 சென்ட் ஏறும், 1-3 சுமார் 30, மூன்றும் சேர்ந்தால் 50-க்கு மேல், அதாவது அரைச் சுரத்தில் பாதி. பி-ஃபிளாட் கருவியில் 1-3 சேர்க்கைக்குக் குறைவது ஏறக்குறைய 13 செ.மீ. குழாய். ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் 6.5 செ.மீ. இழுத்தால் கணக்கு நேராகும். மூன்றாவது வால்வின் குழாயைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துத் தயாரிப்பாளர்கள் இந்தக் குறையைப் பங்கிட்டுவிடுவதால் நடைமுறையில் இழுக்க வேண்டியது இதைவிடக் குறைவு.

எனவே மலிவுக் கருவியில் மிக உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய உறுப்பு முதல் வால்வின் ஸ்லைடு. வாசிக்கும் நிலையில் உட்கார்ந்து, இடது கை அதை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சில கருவிகளில் அது கீழ்ப்பக்கம் மடங்கியிருக்கும். வாசிக்கும்போது தொடவே முடியாது. எட்டினாலும் விரல்நுனித் தள்ளலுக்கு ஓட வேண்டும். கிரீஸ் போட்ட பிறகும் பாதி வழியில் இறுகினால் ஸ்லைடை முழுக்க உருவி, திருப்பிப் பிடித்து, ஒரு காலை மட்டும் அதன் குழாயில் செருகிப் பார்க்கலாம். பிறகு அடுத்த கால். தனித்தனியே வழுக்கிக்கொண்டு போய், சேர்ந்தால் மட்டும் இறுகுகிறது என்றால் கால்கள் இணையாகப் பற்றவைக்கப்படவில்லை. திறமையான பழுதுபார்ப்பவருக்கு இது சின்ன வேலை. பேரம் பேசவும் நல்ல காரணம்.

நான்காவது வால்வு இல்லாத ட்யூபா விலையில் குறைவு, ஆனால் தவறான சிக்கனம். நான்காவது வால்வு 1-3 சேர்க்கையின் வேலையைத் தனியே சுத்தமாகச் செய்துவிடும். 1-2-3-க்குப் பதில் 2-4 வாசித்தால் 50 சென்ட் பிழை பாதியாகக் குறையும். இந்தப் பிழையைக் கருவிக்குள்ளேயே ஈடுகட்டும் காம்பன்சேட்டிங் முறைக்கு டேவிட் பிளெய்க்லி 1870-களில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். காற்று இரண்டாம் முறை வால்வுகளின் வழியே திரும்பி, சிறு கூடுதல் குழாய்களில் ஓடும் ஏற்பாடு அது. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகளில் இதுவே வழக்கம். எடை கூடும், கீழ் சுரங்களில் காற்றுக்குத் தடையும் கூடும்.

அந்தப் பிரிட்டிஷ் கருவிகளில் ஒரு பொறி இருக்கிறது. 1960-களின் நடுப்பகுதி வரை அங்கே பிராஸ் பேண்டுகள் ஏ=452 அளவிலான உயர் சுருதியில் வாசித்தன; இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி அதிகம். அக்காலத்து நல்ல ட்யூபாக்கள் இன்று கொள்ளை மலிவாகக் கிடைக்கும். சுருதி இறக்கப்படாத பி-ஃபிளாட் கருவியைச் சரிசெய்ய மெயின் குழாயில் மட்டும் 15 செ.மீ. நீளம் சேர்க்க வேண்டும். அதே விகிதத்தில் ஒவ்வொரு வால்வுக் குழாயும் நீள வேண்டும். மெயின் ஸ்லைடை மட்டும் நீட்டிவிட்டு 'மாற்றியாயிற்று' என்று விற்கப்படும் கருவியில் திறந்த சுரம் சேரும், வால்வுச் சுரங்கள் சேராது.

திறந்த சுரங்களைச் சோதிப்பது கர்நாடக சங்கீதக் காதுக்கு எளிது. இரண்டாம் சீரிசையை (ஹார்மானிக்) ஷட்ஜமாக வைத்தால் மூன்றாவது பஞ்சமம், நான்காவது மேல் ஷட்ஜம், ஐந்தாவது அந்தர காந்தாரம், ஆறாவது மேல் பஞ்சமம். ஐந்தாவது, இயற்கையிலேயே பியானோவின் காந்தாரத்தைவிட 14 சென்ட் இறக்கம். தம்புராவோடு சேர்ந்தால் அது இனிக்கும்; பியானோவோடு சேர்ந்தால் உறுத்தும். ட்யூனர் முள் அங்கே இடப்பக்கம் சாய்ந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பலர் அந்தச் சுரத்தை 1-2 சேர்த்து வாசித்துச் சமாளிக்கிறார்கள். மூன்றாவதும் ஆறாவதும் அப்படியல்ல. 2 சென்ட்டுக்கு மேல் விலக அவற்றுக்கு இயற்கையான காரணம் இல்லை. பஞ்சமம் தெளிவாக இறங்கியிருந்தால் அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

சோதிக்கும் முன் பத்து நிமிடமாவது வாசித்துச் சூடேற்ற வேண்டும். குழாயின் உள்ளே காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். பிறகு ட்யூனரைப் பார்க்காமல், சுரம் எங்கே தானாக உட்காருகிறதோ அங்கே நீட்டிப் பிடித்துவிட்டு, அதன் பிறகே முள்ளைப் பார்க்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தன்னை அறியாமல் திருத்திவிடும். அப்போது அளக்கப்படுவது வாசிப்பவரின் திறமை. ஒவ்வொரு சுரத்துக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் மறுபடி குறித்தால் சித்திரம் தெளிவாகும். இரண்டு நாளும் ஒரே சுரம் ஒரே அளவு விலகினால் அது கருவியின் குணம். எண்கள் தாறுமாறாக மாறினால் வாசிப்பவரின் பழக்கத்தையோ கசியும் வால்வையோ சந்தேகிக்கலாம்.

கசிவுக்குச் சோதனை எளிது. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெல்ல இழுத்துச் சில நொடி காத்திருந்து வால்வை அழுத்தினால் 'டப்' என்று வெடிக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் வால்வு தேய்ந்திருக்கிறது. வால்வை முலாம் பூசிப் புதுப்பிக்கும் செலவு பழைய மலிவுக் கருவியின் விலையையே தாண்டிவிடக்கூடும். பெல்லில் உள்ள நசுங்கல் கண்ணுக்குத்தான் கெடுதல். மவுத்பீஸுக்கு அடுத்த ஒடுங்கிய குழாயில் உள்ளது ஒலிக்கே கெடுதல். அதே இடத்தில் செம்புநிறப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்றுபோகிறது என்று பொருள்.

விலையைப் பொறுத்தவரை புதிய சீனக் கருவிகளே சந்தையைக் கலக்கியிருக்கின்றன. பெயர் பெற்ற ஜெர்மானிய ட்யூபாவின் விலையில் பாதிக்கும் குறைவாக நான்கு வால்வுக் கருவி கிடைக்கிறது. ஒரே ஆலையில் செய்த மாடல் பல பெயர்களில் விற்கப்படுவதும், ஒரே மாடலின் இரண்டு கருவிகளே ஒன்றுபோல் இல்லாததும் இங்கே சகஜம். எனவே பிறர் பாராட்டிய மாடல் என்பதைவிட, கையில் இருக்கும் கருவி என்ன எண் காட்டுகிறது என்பதே கணக்கு. ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்து, வால்வைச் சீர்செய்து அனுப்பும் விற்பனையாளருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணல்ல.

அதே பணத்துக்குப் பள்ளிகள் கழித்துவிட்ட மிராஃபோன் 186, யமஹா, கிங் 2341 போன்றவை நசுங்கலோடு கிடைப்பதுண்டு. அழகில் பின்தங்கினாலும், அவற்றின் சுருதிக் குணங்கள் வாசிப்பவர்களுக்கு அத்துப்படி. உதிரிப் பாகமும் கிடைக்கும். சில வருடம் கழித்து விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். பெயர் தெரியாத புதிய கருவி முதல் வருடத்திலேயே விலையில் கணிசமாக விழும். தபாலில் வாங்குபவர், திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், அவ்வளவு பெரிய பெட்டிக்கு வண்டிக்கூலி யார் தலையில் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுவிடுவது உத்தமம்.

கூட வரும் மவுத்பீஸை நம்பி எதையும் தீர்மானிக்கக் கூடாது. அமெரிக்க, ஐரோப்பிய மவுத்பீஸ்களின் கால் தடிமன் வேறு. பொருந்தாதது ஆழமாக இறங்கினாலும் வெளியே நின்றாலும் மேல் சுரங்கள் இடம் மாறும். பழகிய மவுத்பீஸ் ஒன்றையும் கருவியின் வாய்க்குப் பொருந்தும் வேறொன்றையும் எடுத்துப்போய், இரண்டிலும் அதே சுரங்களை அளந்து பார்த்த பிறகு விலை பேசலாம்.