இரப்போர் கரம்

இரப்போர்க்கு ஈதல் அறம் என்பதைத் தமிழர்க்கு எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டுவதில்லை. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, இரவு, இரவச்சம் என இரப்போர் நிலையைக் குறித்தும் இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஆயின் கிறிஸ்து நாதரும் அவர் சீடரும் இரப்போரிடத்து நடந்துகொண்ட முறையை நோக்குமிடத்து, நாம் வழக்கமாய்ச் செய்யும் தருமத்தினின்று வேறான ஒன்று புலப்படுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மாற்கு சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில், எரிகோவின் வழியருகே உட்கார்ந்து இரந்த பர்திமேயு என்னும் குருடன் கூவியபொழுது, உடன் சென்ற கூட்டத்தார் அவனை அதட்டினர். ஆண்டவரோ நின்றார், அவனை அழைப்பித்தார், அவன் விரும்புவது யாதென வினவினார். குருடன் வேண்டுவது யாதென்பது அவர்க்குத் தெரியாததன்று. எனினும் கேட்டார். நாம் காசு இடும்பொழுது ஒன்றும் கேட்பதில்லை. கேட்பின் நிற்க நேரிடுமன்றோ? அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்திலோ, தேவாலய வாசலில் இருந்த சப்பாணிக்குக் கொடுக்கப் பணமில்லாத பேதுரு, அவனை உற்று நோக்கி, வலது கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். அற்புதத்தைக் கூறவந்த ஆசிரியர் கையைப் பிடித்த செய்தியை எழுதாது விட்டிருப்பினும் கதை குறைவுபடாது. அவர் அதனை விடவில்லை.

நிற்க. நம்மனோர் பிடிக்க அஞ்சும் கை ஒன்று உண்டு. அது தொழுநோயாளர் கை. 1898-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், வெளியிடங்களில் பிச்சை கேட்கும் தொழுநோயாளரை வாரண்டு இன்றியே பிடித்துச் செல்லப் போலீசாருக்கு இடங்கொடுத்தது. மத்திய சட்டத் தொகுதியிலிருந்து அது நீங்கியது 2016-இலேதான். நோயைத் தீர்க்கும் கூட்டுமருந்துச் சிகிச்சையோ 1980-களிலேயே ஏற்பட்டுவிட்டது. ஆறு மாதம், நோய் மிக்கதாயின் பன்னிரண்டு மாதம் உட்கொண்டால் கிருமி ஒழியும். மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை அகன்றுவிடும். மருந்து வந்து முப்பது ஆண்டு சென்ற பின்னும் சட்டம் நின்றதென்றால், அச்சம் நோயினும் நீண்ட ஆயுள் உடையதென்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அங்ஙனமாயின் நோய் நீங்கினவர் ஏன் இரக்கின்றனர்? விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். நோய் நரம்பைக் கெடுக்கின்றது, உணர்ச்சி போகின்றது. அடுப்பிலிருந்து சுடுகலத்தை இறக்கும் பெண்ணுக்குக் கை வேவது தெரிவதில்லை. முள் தைத்த காலோடு உழவன் நாள் முழுதும் நடக்கின்றான். புண்ணின்மேற் புண் உண்டாகி விரல் குறுகுகின்றது; தசை வலியிழந்து கை மடங்கிக் கொக்கிபோல் ஆகின்றது. மடங்கிய கைக்கு மண்வெட்டி கொடுப்பார் இல்லை. வீட்டாரும் தனி இலை போட்டு, பின் தனிக் குடிசை கட்டி, ஈற்றில் ஊரை விட்டே போகச் சொல்லிவிடுகின்றனர். மருந்து கிருமியைக் கொல்லும்; இவற்றுள் ஒன்றையும் மீட்டுத் தராது.

மடங்கிய கையை விரிக்கும் வழி கண்டவருள் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்டு. இவர் 1914-இல் கொல்லிமலையில், மிஷனெரி பெற்றோர்க்குப் பிறந்தவர். தந்தை 1929-இல் அம்மலையிலேயே காலஞ்சென்றார்; தாயார் எவெலின் அம்மையார் முதுமையிலும் மலையை விட்டிறங்காது, கொல்லிமலையோடு கல்வராயன் மலை முதலிய மலைகளிலும் ஊழியஞ் செய்து 1974-இல் மறைந்தார். மகனார் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, கெடாத தசை நாணை எடுத்துக் கெட்ட விரலோடு பொருத்தும் சஸ்திர சிகிச்சையைத் தொழுநோயாளர்க்குச் செய்து காட்டினார். நோயாளரின் கையை நாடோறும் தம் கையில் ஏந்தி, எவ்விரல் எவ்வளவு மடங்கும் என்று அளந்தமையாலேயே இது கைகூடிற்று. பேதுரு செய்ததற்கும் இதற்கும் வேற்றுமை பெரிதன்று என்பது எமது கருத்து.

கள்ளக்குறிச்சிச் சீமைக்கு இது தூரத்துச் செய்தியன்று. 2019-இல் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான அப்பகுதியில், வடதொரசலூரில் தொழுநோய் மிஷனைச் சார்ந்த மருத்துவமனை உண்டு. 1874-இல் வெல்லெஸ்லி பெய்லி என்பவர் தோற்றுவித்த சங்கத்தின் கிளை அது. அதற்கு மேற்கே கல்வராயன் மலை. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டும், கடுக்காய் பொறுக்கியும் வாழும் மலையாளி மக்களுக்குக் காட்டுவழியில் வெறுங்கால் நடை புதிதன்று. உணர்ச்சியற்ற காலுக்கு அதனினும் கொடியது வேறில்லை. தோலில் வெளுத்த தேமல் ஒன்று தோன்றி, அது நோவதுமில்லை, அரிப்பதுமில்லை என்றால், அதற்காக ஒரு நாட் கூலியை இழந்து மலையிறங்குவார் யார்? நோவாமையே அந்நோயின் முதற் குறி என்பதை அவர்க்குச் சொல்வாரும் அரியர்.

இரப்போருள் வஞ்சகரும் உளரே எனச் சிலர் வினவுவர். உளர். ஆயின் வஞ்சகன் இன்னான், வாடியவன் இன்னான் என்று அறிதற்கும் நின்று பேசுவதன்றி வேறு வழி யாதுள்ளது? எறிந்த காசு இருவர்க்கும் ஒன்றே. காசு இடவேண்டாம் என்று யாம் கூறவில்லை. பசித்தவனுக்கு அன்றைய சோறு அன்றைக்கே வேண்டும். அதனோடு அவன் பெயரையும் ஊரையும் கேட்கலாம். கையில் உணர்ச்சி உண்டா, புண்ணுக்கு மருந்திட்டவர் எவர் என்று கேட்கலாம்.

விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வழியே வெள்ளிமலைக்கும் அதற்கப்பாலும் செல்லும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக. கூட்டுமருந்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாய்க் கிடைக்கின்றது. தேமலை ஓர் இறகினாலோ பஞ்சினாலோ தொட்டுப் பார்க்கலாம். கண்ணை மூடியிருப்பவர் தொட்ட இடத்தைச் சுட்டிக் காட்டவில்லையெனில், அவரைக் கூட்டிக்கொண்டு மறுநாட் காலை முதற் பேருந்திலேயே இறங்கிவிட வேண்டும்.